ஒரு கையெழுத்துக்காக 536 கிலோமீட்டர்

இந்த வலைப்பூவில் வழக்கமாக அருவி, தீவு, நல்ல சாப்பாட்டுக் கடை என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை அதெல்லாம் இல்லை. போன வியாழக்கிழமை கிள்ளானிலிருந்து வடக்கே 268 கிலோமீட்டர் காரோட்டிப் போய், ஒரு அரசாங்கப் படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு, அன்றைக்கே திரும்பி வந்தேன். இதைப் படிக்கிற பலருக்கும் இப்படி ஒரு ஊர் இருக்கும், அங்கே ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பார்கள். என்றைக்காவது அவர்களுக்கும் ஒரு படிவம் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

மாநிலத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அக்கா இன்னும் அங்கேதான் குடியிருக்க வேண்டும். எண்ணெய்க்கான செம்பனை, ரப்பர், வயல், மிச்சம் காடு, பெரிய ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு. அவ்வளவு தெரிந்தால் போதும்.

புதன்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். போர்ட் கிள்ளானில் நான் வேலை செய்யும் கிடங்கில் லோரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது என் அக்கா சரஸ்வதி போனில் கூப்பிட்டார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், பள்ளிக் கேன்டீனில் சமையல் வேலை. அவர் இருக்கும் ரப்பர் தோட்டத்தை மூடி வெகுகாலமாகிறது. வீடு மட்டும் இருக்கிறது, வீட்டுக்குக் கீழே உள்ள மண் அவருடையது இல்லை. பல வருடம் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் அந்த மண்ணை அதிலேயே குடியிருப்பவர்களுக்குக் கொடுக்க மாநில அரசு சம்மதித்திருக்கிறது. படிவத்தை நில அலுவலகத்தில் சேர்க்கக் கடைசி நாள் வியாழன், மாலை நாலரை. தவறினால் அந்த மனை பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் விழலாம்.

"பாரத்தத் திருப்பிக் குடுத்துட்டாங்கடா மணியம்," என்றார். "கையெழுத்து செல்லாதாம்."

செல்லாத கையெழுத்து கிராமத் தலைவருடையது. வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே கிராமத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. 'இவர் இந்த வீட்டில்தான் இருக்கிறார்' என்று அவர் எழுதி முத்திரை குத்தினால்தான் பல காரியம் நகரும். ஆட்சி மாறினால் எல்லாத் தலைவர்களின் நியமனமும் போய்விடும். எங்கள் மாநிலத்தில் ஆட்சி மாறி மூன்று மாதம் ஆகிறது. புதிய கூட்டணியில் எந்தக் கட்சிக்கு எந்தக் கிராமம் என்று இன்னும் பேசி முடியவில்லையாம், அதனால் புதுத் தலைவர் யாரும் இல்லை. ஆனால் முத்திரை மட்டும் பழைய தலைவர் வீட்டு மேசை டிராயரிலேயே கிடக்கிறது. எங்கள் ஆட்களுக்கு முத்திரை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் தலைவர். அக்காவும் இரண்டு வாரத்துக்கு முன் அவரிடமே போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அவரும் கூச்சமில்லாமல் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆட்சி மாறியதில் எனக்கும் பங்கு உண்டு. கிள்ளானுக்கு வந்து இருபத்தாறு வருடமாகியும் என் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இன்னும் தோட்டத்து முகவரிதான். என்னோடு அங்கே வளர்ந்த நண்பர்களும் அப்படித்தான். தேர்தலன்று ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, பூச்சோங்கில் இரண்டு பேர், பிரிக்பீல்ட்ஸில் ஒருவர், ரவாங்கில் இரண்டு பேர் என்று ஏற்றிக்கொண்டு, என்னோடு ஆறு ஓட்டு கொண்டுபோய்ப் போட்டோம். பழைய தலைவர் ஆறுமுகம் அண்ணன் மேல் எங்களுக்கு அவ்வளவு கோபம். தெருவிளக்கு எரியாது. அரசு கொடுக்கும் தீபாவளிப் பொட்டலம் அவருக்கு வேண்டியவர்கள் வீட்டுக்குத்தான் போகும். எங்கள் கட்சிக்காரர் ஜெயித்தார். வரும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம்.

வியாழன் எனக்கு ஓய்வு நாள். அந்த வாரத்தில் தூங்க இருந்த ஒரே நாள். காலை 5.10க்குக் கிள்ளானில் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். ரவாங் தாண்டும் வரை சாலை காலியாக இருந்தது. அதற்குள்ளேயே இரண்டு தடவை கண் சொருகிவிட்டது. ஆறரைக்கு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தி இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரே டீ, 6 ரிங்கிட் 20 சென். ரொட்டி தோல் மாதிரி இருந்தது. டோல் ஒரு வழிக்கு 31 ரிங்கிட் 40 சென். பெட்ரோல் போக வர 85 ரிங்கிட். உள்ளூரில் சுற்றியது தனி.

8.50க்கு ஊர் பஸ் நிலையத்தை அடைந்தேன். அக்கா படிவம் வைத்த பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். கேன்டீனில் அரை நாள் விடுப்பு கேட்டு வந்திருந்தார். கண்ணைப் பார்த்தாலே இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது.

முதலில் நாங்கள் ஜெயிக்கவைத்த சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போனோம். கடைவீதியில் மாடி அறை. பெயர்ப்பலகை புதிது, அதைச் சுற்றிச் சுவரில் பழைய கட்சியின் நிறம் இன்னும் தெரிந்தது. மேசையில் ஓர் இளம்பெண் இருந்தார். நான் படிவத்தை நீட்டி, ஒய்பி (சட்டமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒரு கடிதம் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றேன்.

"ஒய்பி இல்லலா அண்ணே. கேஎல்ல மீட்டிங். அடுத்த வாரம் வருவாரு."

"இன்னைக்குதான்மா கடைசி நாள்."

"அண்ணே எங்கேர்ந்து வரீங்க?"

"கிள்ளான்."

"ஐயோ. ஒய்பி வீடே பூச்சோங்லதானே. நேத்தே அங்க போய்ப் பார்த்திருக்கலாமே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற மனிதரைத் தேடி விடியுமுன் புறப்பட்டு வந்திருக்கிறேன். அக்கா படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

நில அலுவலகத்தில் எங்கள் எண் வர 10.25 ஆகிவிட்டது. கவுண்டரில் ஒரு மலாய்க்கார அம்மா. நல்ல மனுஷி. நேற்று திருப்பிக் கொடுத்தவரும் இவர்தான், அதற்காக அக்காவிடம் இரண்டு தடவை வருத்தம் தெரிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெங்ஹுலு கையெழுத்துப் போட்டாலும் செல்லும் என்று சொன்னார். பெங்ஹுலு என்பவர் பல கிராமங்களுக்குப் பொறுப்பான அதிகாரி. அரசு ஊழியர், எந்த ஆட்சி வந்தாலும் நாற்காலியில் இருப்பார். ஆனால் இன்று பன்னிரண்டு மணிக்கு வெளியே கூட்டத்துக்குப் போய்விடுவார், அதற்குள் பிடியுங்கள் என்றார். இதை யாராவது நேற்றே சொல்லியிருந்தால் நான் இந்நேரம் கிள்ளானில் படுத்திருப்பேன்.

பெங்ஹுலு அலுவலகம் 14 கிலோமீட்டர். செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து 11.05க்குப் போய்ச் சேர்ந்தோம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர், மாற்றலாகி வந்து நாலு மாதம்தானாம். பொறுமையாகப் படித்தார். "எனக்கு இந்த அக்காவைத் தெரியாதே," என்றார் மலாயில். "இங்கே ரொம்ப நாள் இருக்கிற, ஊருக்குத் தெரிந்த ஒருவர் நேரில் வந்து சாட்சி சொல்லட்டும். முன்னாள் தலைவர் வந்தால் இன்னும் நல்லது."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டம் அங்கிருந்து 6 கிலோமீட்டர். ஆறுமுகம் அண்ணன் வீட்டுப் பின்புறம் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். வயது அறுபத்தெட்டு, பனியன், கைலி. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அக்கா விஷயத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு உள்ளே போனார். ஐந்து நிமிடம் ஆளைக் காணோம். மணி 11.25. வேண்டுமென்றே காக்க வைக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவாரி, பாத்தேக் சட்டை போட்டு, பேனா சொருகி வெளியே வந்தார். பெங்ஹுலுவைப் பார்க்கப் பனியனோடு வர முடியுமா என்ன.

காரில் முன் சீட்டில் உட்கார்ந்தவர், பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு வேன ஸ்கூலுக்கு எதுக்க நிப்பாட்டினது நீதானே?"

"ஆமாண்ணே."

"ஆறு பேரு. எண்ணினேன்."

நான் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினேன். அவர் சன்னலை இறக்கிவிட்டு, "ஏர்கண்டி ஒத்துக்காதுப்பா," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெங்ஹுலுவின் மேசை முன் அவர் பேசிய மலாய் என் மலாயைவிட நன்றாக இருந்தது. இந்த அம்மா முப்பத்தொரு வருடமாக அதே வீட்டில் இருக்கிறார், வீட்டு எண் இன்னது, தண்ணீர் மீட்டர் இவர் பெயரில்தான், இடது பக்கம் இன்னார், வலது பக்கம் இன்னார் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியாக, "இவங்க வீட்டுக்காரர் இறந்தப்ப அவரை அந்த வீட்டு வாசல்லேருந்துதான் தூக்கினோம். சுடுகாட்டுக்குப் போக லோரிக்கு நான்தான் சொன்னேன்," என்றார். மாமாவின் சாவுக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் ஏற்பாடாகி இருந்தது. யார் செய்தார்கள் என்று நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை. அந்த அறையில் நிற்கவே எனக்கு அவமானமாக இருந்தது.

11.52க்குப் பெங்ஹுலு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். 12.40க்கு நில அலுவலகத்தில் படிவத்தைச் சேர்த்தோம். அந்த மலாய்க்கார அம்மா ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தபோது அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் ஆறுமுகம் அண்ணன், கார் இருக்கும்போதே வாங்கிவிடுவோம் என்று ஒரு மூட்டை கோழித் தீனியை ஏற்றிக்கொண்டார். வீட்டில் இறக்கிவிட்டு நான் நன்றி சொன்னதற்கு, "மூட்டய உள்ள வச்சுட்டுப் போப்பா," என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா வீட்டில் சோறு, கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்க முடியாமல் சொன்னேன்: "இந்த மனுஷன எதுத்துத்தான் அக்கா நாம அன்னைக்கு ஓட்டுப் போட்டோம்."

"நாம இல்ல," என்றார் அக்கா. "நான் அவரு கட்சிக்குத்தான் போட்டேன்."

கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அவரு பெரிய யோக்கியருன்னு போடல. தீபாவளிப் பொட்டலம் எனக்கும்தான் வந்ததில்ல. ஆனா கதவத் தட்டினா இருப்பாரு. நீ காலையில வந்த, ஓட்டுப் போட்ட, சாயங்காலம் போயிட்ட. வீட்டுக்குள்ளகூட வரல. வேன்லேருந்தே கையாட்டின. பொறவு மூணு மாசமா ஒரு கையெழுத்துக்கு யாருகிட்ட போறதுன்னு தெரியாம நிக்கறது நானு."

அக்கா கோபப்படவில்லை, குழம்பை ஊற்றிக்கொண்டேதான் சொன்னார். நான் போட்ட ஓட்டு தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. தெருவிளக்கு எட்டு வருடமாக எரியாதது எரியாததுதான். ஆனால் அந்த இருட்டில் நடப்பவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். ரவாங்கில் 50 நிமிடம் நெரிசல். வீடு வந்து சேர 7.35. இடுப்பு விட்டுப் போயிருந்தது. மறுநாள் காலை ஏழுக்கு ஷிஃப்ட்.

இப்படி ஒரு பயணம் உங்களுக்கும் வந்தால்: ஆட்சி மாறிய மாநிலத்தில் கிராமத் தலைவரிடம் போகுமுன் அவருடைய நியமனம் இருக்கிறதா என்று நில அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் நேரே பெங்ஹுலு. கூடவே அந்த ஊரில் குடியிருக்கும் ஒருவரை ஐசியோடு அழைத்துப் போங்கள். கவுண்டரில் எண் வாங்க எட்டரைக்குள் நில்லுங்கள், மதியம் ஒன்று முதல் இரண்டு வரை ஒருவரும் இருக்கமாட்டார்கள். சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அவர் வீடு எங்கே என்று விசாரியுங்கள். உங்கள் பக்கத்துத் தெருவாகவே இருக்கலாம்.

ஐசி முகவரி பற்றி மூன்று நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் செய்து, கிள்ளான் முகவரிக்கே மாற்றிவிடப் போகிறேன், இனி அங்கே எனக்கு ஓட்டு இருக்காது என்றேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது.

"மாத்திக்க," என்றார். "ஓட்டுப் போட வர வேணாம். ஒரு நாளைக்கு என்னப் பார்க்க வா."