கண் ஆஸ்பத்திரிக்குக் குரல் கொடுத்த கதை

1. எல்லாம் பச்சை

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு எங்கள் டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக இருந்தது. சர்வர் பச்சை, நெட்வொர்க் பச்சை, டேட்டாபேஸ் பச்சை. அதே நேரத்தில் மல்லேஸ்வரம் பக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் ஹாலில், காத்திருந்த நோயாளிகள் ரிசப்ஷன் மேசையைத் தூக்கிப் போடாத குறை. இருபத்திரண்டு வருடம் சப்போர்ட் வேலை பார்த்தவன் என்ற முறையில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டாஷ்போர்டு பச்சையாக இருந்தால், டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறது. நோயாளி ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் முறை வந்ததும் திரையில் நம்பர் வரும், ஸ்பீக்கரில் குரல் கூப்பிடும். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் முந்தைய வாரம் அதை மேம்படுத்தினோம். பழைய குரலை எடுத்துவிட்டு, செயற்கை நுண்ணறிவு பேசும் குரலைப் போட்டோம்.

இந்த யோசனை எங்கள் டெலிவரி ஹெட் பிரபாகருடையது. கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட பத்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை. எதையும் விற்கத் தெரிந்தவர். அவ்வளவுதான்.

நான் அப்போது ‘மேம்பாட்டுத் திட்ட’த்தில் இருந்தேன். ஐடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவரை வெளியே அனுப்புமுன் அறுபது நாள் மரியாதையாக நடத்துவதற்கு அந்தப் பெயர். காரணத்தை பிரபாகரே உட்கார வைத்து விளக்கினார்.

“சேகர், நீங்க ரொம்ப நல்லா ரிப்பேர் பண்றீங்க. அதுதான் பிரச்சனை. கம்பெனி இப்ப ரிப்பேரே வேண்டாத டைரக்‌ஷன்ல போகுது. அறுபது நாளைக்குள்ள ஏஐ-ல ஒரு சக்சஸ் ஸ்டோரி குடுங்க. நான் பாத்துக்கறேன்.”

நாற்பத்தாறு வயதில், மகளின் பிளஸ் டூ பரீட்சை வருடத்தில், இதைக் கேட்டுவிட்டு “தேங்க்ஸ் பிரபாகர்” என்று சொல்லி எழுந்து வந்தவன் நான். பயந்தவனுக்கு நாகரிகம் தானாக வந்துவிடுகிறது.

அந்தத் திங்கட்கிழமை இருபதாவது நாள். பிரபாகர் என் மேசைக்கு வந்தார். “ரிமோட்ல எல்லாம் க்ரீனா இருக்கு. யூசர் எரராத்தான் இருக்கும். எதுக்கும் நேர்ல ஒரு தடவ பாத்துட்டு வாங்க. ஸ்டெல்லாவையும் கூட்டிட்டுப் போங்க.”

ஸ்டெல்லா எங்கள் டெஸ்டர். பிரேசர் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, தக்னி உருதுவில் முடிப்பார். புதிய குரலுக்கு “கன்னடம் சரியில்லை” என்று அவர் போட்ட பக் ரிப்போர்ட்டை, “முக்கியத்துவம்: குறைவு” என்று மாற்றி மூடியிருந்தார்கள்.

2. ஸ்கிரீனைப் பாருங்கள்

ஹாலில் நுழைந்தபோது திரை ஐம்பத்திரண்டு என்றது. ஸ்பீக்கர், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒருவரின் கன்னடத்தில், நாற்பத்தாறைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு எழுந்து போய் உள்ளே இருந்த ஐம்பத்திரண்டோடு சண்டை போட்டது. ரிசப்ஷன் பெண் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: “வாய்ஸ கேக்காதீங்க, ஸ்கிரீனப் பாருங்க.”

மூலையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கண்ணில் பிளாஸ்திரி, இன்னொன்றிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, கண்ணு தெரிஞ்சா நான் ஏன் இங்க வரப்போறேன்? ஒரு கண்ண நீங்க மூடிட்டீங்க, இன்னொண்ணுல மருந்த ஊத்திட்டீங்க. அப்பறம் ஸ்கிரீனப் பாருன்னா எதுல பாக்கறது?”

எங்கள் கம்பெனியில் யாரும், நான் உட்பட, இதைக் கேட்டதே இல்லை. கண் ஆஸ்பத்திரிக்குத் திரை விற்கிறோம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவர் பெயர் முனுசாமி. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஆபரேட்டர். போன வாரம் கண்ணில் இரும்புத் துகள் தெறித்து, இங்கே எடுத்திருக்கிறார்கள். அன்று மறுபரிசோதனை. எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். சீட்டு நாற்பத்தேழு. அவரை யாரும் கூப்பிடவில்லை.

“நான் கெளம்பறேன் சார். அரை நாள் லீவுதான் போட்டேன். சாட்டர்டே வந்து பாத்துக்கறேன்.”

“கொஞ்சம் உக்காருங்கண்ணா, இப்ப உள்ள அனுப்பறோம்” என்றேன்.

“நீ யாரு சார்?”

“இந்த சிஸ்டம் எங்க கம்பெனியோடது.”

நல்ல கண்ணால் என்னை மேலும் கீழும் பார்க்க முயன்றார். பார்க்க முடியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

ஸ்டெல்லா நேராக டாக்டர் அறைக்குப் போய்ப் பேசி, முனுசாமியைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார். கால்மணி நேரம் கழித்து டாக்டரே வெளியே வந்தார். கருவிழியில் புண் ஆரம்பித்திருக்கிறது, இன்றே மருந்தை மாற்றியதால் சமாளிக்கலாம், சனிக்கிழமை வரை விட்டிருந்தால் பார்வைக்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்றார். முனுசாமியை நாங்கள் காப்பாற்றியதாக ஸ்டெல்லா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரை நாலு மணி நேரம் உட்கார வைத்ததும் நாங்கள்தான் என்பதை நான் இன்னும் நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறேன்.

சர்வர் அறையில், நடந்ததெல்லாம் வரிவரியாகப் பதிவாகும் லாகைத் திறந்தேன். புதிய குரல் ஆஸ்பத்திரிக்குள் இல்லை. ஒவ்வொரு நம்பருக்கும் இன்டர்நெட் வழியாக எங்கோ போய், பேசவைத்துத் திரும்ப வர வேண்டும். அதே லைனில் விழித்திரை ஸ்கேன் படங்களும் போய்க்கொண்டிருந்தன. அதனால் குரல் பின்தங்கியது. முப்பது நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அந்த நம்பரைப் பேசாமலே விட்டுவிடும்படி யாரோ எழுதியிருந்தார்கள். நாற்பத்தேழாம் நம்பருக்கான வரி இப்படி இருந்தது: டைம் அவுட், விடப்பட்டது, நிலை: வெற்றி.

புதிய குரலை அணைத்தேன். பழையதைப் போடலாம் என்றால், அப்டேட் செய்தபோதே அதை அழித்திருந்தார்கள். ஹாலில் இன்னும் அறுபது பேர். ஸ்டெல்லா ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு கவுன்ட்டர் பக்கத்தில் நின்றார். மாலை வரை ஒவ்வொரு நம்பரையும் மூன்று மொழியில் அவரே கூப்பிட்டார். ஒரு தகராறும் வரவில்லை.

3. பீரோவுக்குள் ஒரு ஸ்டுடியோ

இங்கே என் கலை வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வருடமாக நான் ஒலிநாடகம் எழுதி, நானே எல்லாப் பாத்திரமும் பேசி, ஒரு சேனலில் போட்டு வருகிறேன். முப்பத்தொரு சந்தாதாரர்கள். அதில் இரண்டு கணக்கு என்னுடையது. வேலை போனால் என்ன செய்வது என்று அந்த இருபது நாளில் பல தொழில் யோசனைகள் வந்தன: தேனீ வளர்ப்பது, சைவ மெஸ், மூத்த குடிமக்களுக்கு வாட்ஸப் வகுப்பு. ஒலிநாடகம் மட்டும் அந்தப் பட்டியலில் வரவில்லை. அவ்வளவு தன்னம்பிக்கை எனக்குக் கிடையாது.

ஆனால் ஸ்டெல்லா நின்று கூப்பிட்டதைப் பார்த்த பிறகு ஃபிக்ஸ் என்னவென்று தெளிவாகிவிட்டது. எல்லா நம்பர்களையும் மனிதக் குரலில் பதிவு செய்து ஆஸ்பத்திரி சர்வரிலேயே வைப்பது. இன்டர்நெட் வேண்டாம். தமிழ் நான், கன்னடமும் உருதுவும் ஸ்டெல்லா. நாற்பதையும் ஏழையும் ஒட்டவைத்தால் இரண்டு பேர் பேசுவது போல இருக்கும். அதனால் ஒவ்வொரு நம்பரையும் தனித்தனியாகப் பேச வேண்டும். அதுவரை ஸ்டெல்லாவும் ரிசப்ஷன் பெண்ணும் மாறிமாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் சத்தம் எதிரொலிக்காத ஒரே இடம் என் மனைவி சுமதியின் புடவை பீரோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையை அதற்குள் விட்டுக்கொண்டு பதிவு செய்தேன். சுமதி ஒருமுறை எட்டிப் பார்த்து, “பட்டுப் புடவைமேல எச்சில் தெறிக்காம பேசுங்க” என்றதோடு சரி.

முதல் பதிவை ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். “அருள்கூர்ந்து அறை எண் மூன்றிற்கு வருகை தரவும்” என்று அடிவயிற்றிலிருந்து பேசியிருந்தேன். உடனே போன் வந்தது.

“நக்கோ சேகர்ணா, நக்கோ! டிராமா வேண்டவே வேண்டாம். அவங்க என்ன பட்டிமன்றத்துக்கா வந்திருக்காங்க? இதக் கேட்டா ஆபரேஷன் ஃபெயிலாயிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிடற மாதிரி கூப்பிடுங்க, போதும்.”

பத்து வருடக் கலைப் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, “நாப்பத்தேழு, மூணாம் ரூமுக்கு வாங்க” என்று பேசினேன். என் சேனலில் வந்த எதையும்விட அது நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

4. சொட்டு மருந்து

புதன்கிழமை நிறுவினோம். கணினியில் சோதித்தபோது எல்லாம் சரி. வழக்கமாக அத்தோடு கிளம்பியிருப்பேன். ஆனால் முனுசாமியின் கேள்வி காதிலேயே இருந்தது. எனக்கும் கண் பரிசோதனை செய்ய வேண்டிய வயதுதான். ரிசப்ஷனில் பதிந்து, சீட்டு வாங்கி, இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன்.

கால்மணியில் எதிரே இருந்த திரை வெறும் வெளிச்சமாகிவிட்டது. கையில் இருந்த சீட்டைப் படிக்க முடியவில்லை. என் நம்பர் முப்பத்தெட்டா முப்பத்தாறா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக “யூசர் எரர்” என்று எத்தனை புகார் டிக்கெட்டை மூடியிருப்பேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அப்போது பக்கத்தில் யாரோ இருமினார்கள். அந்த இருமலில் ஒரு நம்பர் போய்விட்டது. ஒரே முறைதான் கூப்பிடுகிறது! வெளியே வந்ததும் இரண்டு முறை கூப்பிடும்படி மாற்றினேன், இரண்டாவது முறை கொஞ்சம் நிதானமாக. ஆபீசில் உட்கார்ந்தே எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி மாற்றம் அது. எழுத, கண் மங்க வேண்டியிருந்தது.

ஹாலில் ஸ்பீக்கரில் என் குரலைக் கேட்டு, பக்கத்து நாற்காலி அம்மாள் சொன்னார்: “இந்த ஆளு யாரோ, ரொம்பப் பொறுமைசாலி போல.” வீட்டில் இதைச் சொன்னபோது சுமதி கிண்டிக்கொண்டிருந்த உப்புமாவை விட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

5. இது எந்த மாடல்?

இரண்டு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து பாராட்டு மெயில் வந்தது. பிரபாகர் அதை என்னிடம் காட்டினார். “பாத்தீங்களா? ஏஐ வாய்ஸ் செட் ஆகக் கொஞ்சம் டைம் எடுக்கும்னு நான் சொன்னேன்ல?” நடந்ததை நான் எழுதி அனுப்பிய மெயிலை அவர் திறக்கவே இல்லை. நேரிலும் சொன்னேன். “டீட்டெய்ல்ஸ் அப்பறம் பாக்கலாம்” என்றார்.

நாற்பத்தெட்டாவது நாள் ஆஸ்பத்திரியில் மீட்டிங். நிர்வாகி ஒரு பெண் டாக்டர். கன்னடக்காரர், மல்லேஸ்வரத்தில் தமிழ் வீடுகளுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழும் நன்றாகப் பேசுவார். பிரபாகர், ஸ்டெல்லா, நான் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

“ரொம்ப நல்லா இருக்கு. ஒரே ஒரு விஷயம். அறுபத்து மூணு கூப்பிடறப்ப மட்டும் பின்னாடி ஒரு விசில் வருது. எங்க நர்ஸ்லாம் தினமும் அறுபத்து மூணுக்காகவே காத்திருக்காங்க” என்றார் மேடம்.

பிரபாகர் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அது நேச்சுரல் ஆம்பியன்ஸ் மேடம். நியூரல் மாடல் தானாவே சேத்துக்கும்.”

“அப்படியா? அப்ப இதே மாடல வெச்சு, வீட்டுக்குப் போற ஒவ்வொரு பேஷண்டுக்கும் எந்த மருந்து எத்தனை சொட்டுன்னு சொல்ல வெச்சிடலாமா?”

“தாராளமா மேடம்!”

மேடம் என் பக்கம் திரும்பினார். “சேகர், நீங்கதானே இன்ஸ்டால் பண்ணீங்க? இது எந்த மாடல்?”

ஏதாவது ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டால் என் சக்சஸ் ஸ்டோரி அங்கேயே தயார். வேலை பிழைத்தது. பிரபாகர் என்னையே பார்த்தார், ஸ்டெல்லா மேசையைப் பார்த்தார். அணைத்து வைத்திருக்கும் அந்தக் குரலை யாரோ மறுபடி தட்டிவிட்டு, அது சொட்டுக் கணக்கைத் தப்பாகச் சொல்லி, கேட்பவர் முனுசாமி மாதிரி ஒருவராக இருந்தால்? லாகில் அதுவும் வெற்றி என்றுதான் வரும்.

“மாடல் இல்ல மேடம். எங்க வீட்டு பீரோ. பேசறது நானும் ஸ்டெல்லாவும். விசில் குக்கரோடது, அன்னிக்கு எங்க வீட்டுல சாம்பார்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நான் வாங்கின ஏஐ எங்க?”

“ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம் மேடம். அதனாலதான் ஓடுது.”

மேடம் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்து பார்த்தார். சிரித்து முடித்ததும் கறாராகிவிட்டார். மருந்துக் குறிப்புகளும் மனிதக் குரலில்தான் வர வேண்டும், ஒவ்வொன்றையும் டாக்டர் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், நாங்கள் இருவர்தான் பேச வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னார்.

திரும்பும் வழியில் காரில் யஷ்வந்த்பூர் சிக்னல் வரை என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிரபாகர் மெதுவாகத் திரும்பினார்.

“சேகர், இத ‘ஹ்யூமன் ஏஐ’ன்னு போட்டா எப்படி இருக்கும்?”

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

6. என்ன கற்றுக்கொண்டேன்

முனுசாமிக்குக் கண் ஆறிவிட்டது. ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் லேத் ஓட்டுகிறார்.

அறுபதாவது நாள் ஹெச்ஆர் பெண் என்னைக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். மேம்பாட்டுத் திட்டத்தை நான் வெற்றிகரமாக முடித்துவிட்டேனாம். ஃபார்மில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி.

“இந்த அறுபது நாள்ல என்ன கத்துக்கிட்டீங்க சார்?”

யோசித்துத்தான் சொன்னேன். “நாம செஞ்சத நாமளே ஒரு நாள் அந்தப் பக்கம் உக்காந்து, கண்ணு தெரியாம, யூஸ் பண்ணிப் பாக்கணும்மா. அதுக்கு முன்னாடி சரியா இருக்குன்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது.”

அவள் நல்ல பெண். ஃபார்மில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழே வரை பொறுமையாகத் தேடினாள். அப்படி ஒன்று அதில் இல்லை.

“கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்னு போட்டுக்கட்டுமா சார்?”

“போட்டுக்கோங்க” என்றேன்.