அடுத்த வருஷத்து வண்டி

திருச்சி ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து செந்துறைக்கு வந்ததிலிருந்து, என் வீட்டுக்காரரிடம் அடுத்த வருஷம் என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. "அடுத்த வருஷம் கேணியத் தூர் வாரணும்ங்க" என்றால், "அதுக்கு நான் இருந்தா பாப்போம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டர் எல்லாம் சரியாகிவிட்டது, நடங்கள் என்கிறார். இவரோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்து, காலமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷன் அவர்.

அவரை எழுப்பியது நானில்லை, தகரக் கொட்டகையில் கிடந்த கார். என் மாமனார் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு ஓட்டிய அமெரிக்க வண்டி அது. மாமனார் போன பிறகு கோழி அடைகாக்கத்தான் பயன்பட்டது. ஒருநாள் கோழியைத் தேடிப் போனவர் மதியச் சோற்றுக்கு வரவில்லை. பயந்துபோய் ஓடினால், பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறார். கையெல்லாம் கிரீஸ். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. பழைய வண்டிகளுக்கென்று தனிப் பதிவு உண்டாம். அது கிடைத்தால் ரோட்டில் ஓட்டலாம். ஆனால் வண்டி அதன் சொந்த எஞ்சினோடும் சொந்த பாடியோடும் இருக்க வேண்டும். எங்கள் ஆர்.சி. புத்தகம் ஐம்பத்தைந்தாம் வருஷ மாடல் என்கிறது. அது உண்மைதானா என்று போனில் படம் படமாகப் பார்த்தார், என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். முகப்பில் உள்ள கம்பி வலை சின்னதாக இருந்தால் ஐம்பத்தைந்து, விளக்கு வரைக்கும் அகலமாக ஓடினால் ஐம்பத்தாறு. பெட்ரோல் ஊற்றும் மூடி பக்கவாட்டில் தனியாக இருந்தால் ஐம்பத்தைந்து, பின் விளக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் ஐம்பத்தாறு. எங்கள் வண்டியில் எல்லாம் ஐம்பத்தைந்துதான். பின் விளக்குகளை மட்டும் மாமனார் எப்போதோ அடுத்த மாடலிலிருந்து வாங்கி மாட்டியிருந்தார். "பொடவைக்குப் பொருந்தாத ரவிக்க மாதிரி இருக்குங்க" என்றேன். லேசாகச் சிரித்தார்.

வண்டியின் விவரம் பொறித்த தகடு கதவை ஒட்டி இருந்தது. தகடுதான் இருந்தது, எழுத்து இல்லை. என் மாமியார் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதைக் குத்துவிளக்கு மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தே வழித்துவிட்டார். கேட்டதற்கு என்மேல் எகிறினார். "பளபளன்னு இருக்கட்டும்னு தேச்சேன். அதுல ஜாதகம் எழுதியிருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?" அதுவும் நியாயம்தான்.

ஆக, எஞ்சின் ஒன்றுதான் சாட்சி. பதிவுக்காக வண்டியைச் சோதிக்க ஆள் வரும் வாரத்தில், எஞ்சினை வார்க்கும்போதே அதில் தேதியைப் பதித்துவிடுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினைச் சுரண்டினார். ஓர் ஆங்கில எழுத்து, பிறகு நாள், கடைசியில் வருஷத்தின் கடைசி எண். அந்த எண் ஐந்தாக இல்லை, நாலாக இருந்தது.

"போச்சு. அம்பத்திநாலு எஞ்சின எவனோ தூக்கி வச்சிருக்கான். எங்கப்பாவ நல்லா ஏமாத்திட்டானுவ" என்றார். பிரஷ்ஷை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வண்டி எக்கேடு கெட்டாலும் போகட்டும், இந்த மனுஷனை இன்னொரு தடவை எதைக் காட்டி எழுப்புவேன்? ஆத்திரத்தில் சமையல்கட்டில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

மறுநாள் டவுனுக்குப் போன மாமியார், ஜவுளிக்கடையில் கொடுத்த காலண்டரோடு வந்தார். "மார்கழி கூடப் பொறக்கல, அதுக்குள்ள அடுத்த வருஷக் காலண்டரக் குடுத்துட்டான் பாரு" என்றபடி ஆணியில் மாட்டினார். இப்போது கொடுக்கிறான் என்றால் ஆடி, ஆவணியிலேயே அச்சடித்திருப்பான் என்று நினைத்த எனக்குப் பொறி தட்டியது. வண்டியும் அப்படித்தானே? அடுத்த வருஷ மாடல் நேரத்துக்குக் கடைக்கு வர, எஞ்சினை முன்கூட்டியே வார்த்தால்தானே ஆகும்?

கொட்டகைக்கு ஓடினேன். எஞ்சினில் இருந்த எழுத்து 'கே'. நாளும் வருஷமும் இருக்கும்போது, அந்த எழுத்து மாசமாகத்தானே இருக்கணும்? ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று விரல் விட்டு எண்ணினேன். நவம்பர்! போனில் தேடினால், அந்தக் காலத்தில் புது மாடல்கள் ஐப்பசி, கார்த்திகையிலேயே கடைக்கு வந்துவிடுமாம்.

"ஏங்க, எந்திரிங்க! ஒங்கப்பாவ எவனும் ஏமாத்தல" என்று வீடே அதிரக் கத்தினேன். "நவம்பர்ல வாத்த எஞ்சினு அடுத்த வருஷ வண்டிக்குத்தான் போவும். நாலப் பாத்தீங்களே, முன்னால இருக்குற எழுத்தப் பாத்தீங்களா? எதையாச்சும் அரையுங்கொறையுமாப் பாக்க வேண்டியது, உடனே போயிப் படுத்துக்க வேண்டியது!"

மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். போனை வாங்கிப் படித்தார், திரும்பவும் படித்தார். "ஆமா புள்ள" என்றபடி எழுந்து கொட்டகைக்கு நடந்தார். நான் அழுதேவிட்டேன்.

சோதிக்க வந்தவர் எஞ்சினை டார்ச் அடித்துப் பார்த்தார். "இது வண்டியோட எஞ்சின்தாங்க, தேதி சரியா இருக்கு. பின் வெளக்க மட்டும் மாத்திடுங்க, எழுதி அனுப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துக் கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மாமியார் புளிக்கரைசலோடு கொட்டகைப் பக்கம் நகர்ந்தார். "அத்தே, அந்த எஞ்சின்ல கைய வச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். இவர் புதுக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க தேடுறீங்க?"

"சித்திரையில ஒரு நல்ல நாளு. ஒன்ன முன்னால ஒக்கார வச்சு கங்கைகொண்ட சோழபுரம் போயிட்டு வரணும்." தலையை நிமிர்த்தாமலே இன்னொரு தாளைப் புரட்டினார். "அதுக்கு முன்னால அந்தக் கேணியத் தூர் வாரிடுவோம்."