அக்கா கொண்டுவந்த வால்நட் வட்டு

எதையும் குடைந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது என்பது மனைவியின் குற்றச்சாட்டு. உண்மைதான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் என் வேலையின்போதுகூட, எதற்குள் என்ன இருக்கும் என்று யோசித்தே பொழுதைக் கழிப்பவன் நான். ஆனால் போன டிசம்பரில் கலிபோர்னியாவிலிருந்து வந்த என் சொந்த அக்காவின் பெட்டியைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

சாப்பாடு, விதை, மரம் எதையும் சொல்லாமல் கொண்டுவரக்கூடாத நாடு இது. அக்கா சட்டத்துக்குப் பயந்த மனிசி. மிளகாய்த்தூள், பயத்தம் பணியாரம் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிக் காட்டி, அதிகாரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்வரை பொறுமையாக நின்று, திருப்பி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். பாபடோயிட்டோய் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது, ஒரு பட்டுச்சேலையின் மடிப்புக்குள்ளிருந்து அது வெளிப்பட்டது. சாப்பாட்டுத் தட்டளவு மர வட்டு, சுற்றிவரப் பட்டையோடு.

கலிபோர்னியா வீட்டில் அத்தான் நட்டு வளர்த்த வால்நட் மரம். அவர் காலமாகி மூன்றாம் வருசம் அதுவும் பட்டுப்போனதாம். வெட்ட வந்தவனிடம் சொல்லி ஒரு வட்டு அறுத்து எடுத்திருக்கிறார்.

"உன்ர சாமியறையில விளக்கு வைக்கலாம், தம்பி."

"அக்கா, இதையும் விமான நிலையத்தில அவைக்குக் காட்டினீங்களோ?"

"ஏன் காட்டுவான்? இது மரமே? இது உன்ர அத்தானெல்லோ."

விளக்கு வைத்தோம்.

ஒரு கிழமை போனபின் தேத்தண்ணி குடிக்கும்போது, அந்த மரம் ஏன் பட்டது என்று சும்மா கேட்டேன். "ஆயிரம் புண் எண்டொரு வருத்தமாம். எள்ளை விடச் சின்ன வண்டொண்டு கொண்டுவருமாம்" என்றார். நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். விளக்கை நகர்த்தி, மருந்துப் போத்தல் வாசிக்கும் பூதக்கண்ணாடியால் வட்டின் பட்டையைப் பார்த்தேன். ஊசி குத்தினாற்போல் துளைகள். ஊக்கால் பட்டையைக் கொஞ்சம் கிளப்பினால், உள்ளே கறுத்த திட்டுகள், நூல் அகலத்தில் பாதைகள். பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு இன்னும் குடைந்து பார்க்க ஆசையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

மத்தியானம் முழுக்க வாசித்தேன். வண்டு மரத்தைக் கொல்வதில்லை. அது தன் உடம்பில் ஒரு பூஞ்சையைச் சுமந்து வருகிறது. வண்டு துளைக்கும் இடமெல்லாம் பட்டைக்கடியில் ஒரு சின்னப் புண். ஒன்றிரண்டை மரம் தாங்கும். ஆயிரம் புண் ஒன்றோடொன்று சேர்ந்தால் கொப்புக்குச் சத்து ஓடாது. மருந்து கிடையாது. இந்த நாட்டுக்குள் அது இன்னும் வரவில்லை. வந்தால் பட்டை உரிக்காத மரத்துண்டோடுதான் வரக்கூடும். வெட்டிய கட்டைக்குள்ளும் வண்டு நெடுநாள் உயிரோடு இருக்குமாம்.

தலையை நிமிர்த்தினேன். யன்னலுக்கு வெளியே, முந்தி இருந்தவர்கள் விட்டுப்போன வால்நட் மரம் வேலியோரம், இங்கத்தைய டிசம்பர் கோடையில் பச்சைப்பசேலென்று நின்றது. அப்போதுதான் பயம் வந்தது.

அதிகாரிகளுக்குச் சொன்னால் வட்டை எடுத்துப்போய்விடுவார்கள். அக்காவின் விசாவில் ஏதும் எழுதிவிடவும் கூடும். சொல்லாவிட்டால் எங்கள் மரம் மட்டுமா போகும்? இரண்டு நாள் மரத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துத் திரிந்தேன்.

"ஏன்டா தம்பி, களவெடுத்தவன் மாதிரி முழிக்கிறாய்?" என்று அக்காவே கேட்டார். சொன்னேன். பூதக்கண்ணாடியை வாங்கி வட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு வளவுக்குப் போய் எங்கள் மரத்தில் கை வைத்தார்.

"இதில ஓட்டை இருக்கோ?"

"நான் பாத்தவரைக்கும் இல்லை, அக்கா."

"அங்க அத்தான்ர மரத்தில முதல் உச்சிக் கொப்பு மஞ்சளாச்சுது. தண்ணி காணாதாக்கும் எண்டு அள்ளி அள்ளி ஊத்தினன். கண்ணுக்கு முன்னாலேயே செத்துது." மரத்திலிருந்து கையை எடுத்தார். "ஃபோனை எடு."

எடுத்தேன். வெளியிலிருந்து வரும் பூச்சி, நோய்களைக் கவனிக்கும் அரச அலுவலகத்தில், இரண்டு பைக்குள் வட்டை இறுக்கிக் கட்டி வைக்கச் சொன்னார்கள். அடுத்த நாள் ஒரு இளம் பெண் அதிகாரி வந்தார். ஏசவில்லை. அடிமரத்திலிருந்து எட்டிய கொப்புவரை தடவித் தடவிப் பார்த்து, துளை ஒன்றுமில்லை என்றார். வண்டு பிடிக்கும் பொறி ஒன்றையும் கட்டித் தொங்கவிட்டார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சந்தோசமாகப் பதில் சொன்னார். அந்தப் பொறியில் இன்றுவரை எதுவும் விழவில்லை. அவர் மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். நான் தினமும் போய்ப் பார்க்கிறேன்.

அன்று கடைசியாக ஒரு படிவம் இருந்தது. பொருள் என்ன என்று அதிகாரி கேட்டார். அக்காவின் புருசன், அவர் ஞாபகம், விளக்கு என்று விளக்கமாகச் சொல்ல நான் வாயெடுத்தேன். மடியில் வைத்திருந்த பையை அதிகாரியிடம் நீட்டிக்கொண்டே அக்கா முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்.

"மரம். பட்டையோட."