எடுக்காமல் கிடந்த காப்பு

கடவுள் ஏமாற்றியிருந்தால் கோயிலில் போய் நின்று சண்டை பிடித்திருப்பேன். என்னை ஏமாற்றியது ஆறாம் மாடிக்காரி. அவளை லிஃப்டில் தினமும் சந்திக்க வேண்டியிருக்கிறது.

ஊரை விட்டு வந்து, மல்வேர்னில் ஒரே கட்டடத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறோம். கேதாரகௌரி விரதத்தை இருவரும் சேர்ந்தே பிடித்தோம். புருஷன்மாரின் நலத்துக்காக இருபத்தொரு நாள், ஒருநேரச் சாப்பாடு. பெயரும் நட்சத்திரமும் முன்பே பதிந்து வைத்தால், கடைசி நாள் கோயிலில் ஐயர் கையில் காப்புக் கட்டுவார். நாளுக்கு ஒன்றாக இருபத்தொரு முடிச்சுப் போட்ட அந்த நூல் அடுத்த வருடம் வரை கையில் இருக்கும். வேலையால் வந்து பசியில் சுருண்டு கிடக்கும் என்னை அவள்தான் எழுப்பி, பஸ் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவாள்.

போன வருடம் என் கணவருக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை. விரதம் முடிந்து ஐந்தாம் நாள் என்று குறித்திருந்தார்கள். அந்த முறை நான் தண்ணீரைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் குடித்தேன். கடைசி நாள் காலையில், நாசமாய்ப் போக, நான்கு மாதமாக வராமல் இருந்த மாதத்துடக்கு வந்து நிற்கிறது. துடக்கோடு கோயிலுக்குள் போகக்கூடாது. குளியலறையில் இருந்து குழறி அழுதேன்.

"ஏனக்கா அழுறியள்? உங்கட காப்பையும் நான் வாங்கிக்கொண்டு வாறன்," என்றாள், என்னைக் கூட்டிப்போக வந்தவள்.

அது வழமைதான். போக முடியாதவளுக்காக இன்னொருத்தி வாங்கி வரலாம். பின்னேரம் சிவப்பு நூலும் திருநீறும் கொண்டுவந்து தந்தாள். கணவர்தான் என் இடக்கையில் கட்டிவிட்டார்.

அந்த நூலுக்காக நான் பட்ட பாடு! சாப்பாடு பொதி செய்யும் தொழிற்சாலையில் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது. சூப்பவைசர் கழற்றச் சொன்னான். மாட்டேன் என்று நின்று, பிளாஸ்ரர் சுற்றி, மேலே இரண்டு கையுறை போட்டு வேலை செய்தேன். சத்திரசிகிச்சை முடியும் வரை அந்த நூலைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் பிழைத்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மனைக் கும்பிட்டேன்.

இந்த வருடம் அவள் விரதம் பிடிக்கவில்லை. முழங்கால் வலி என்றாள், நம்பினேன். கடைசி நாள் தனியே போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஐயர் உள்ளே போய் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். மேலே என் பெயரும் நட்சத்திரமும் எழுதியிருந்தன.

"அம்மா, போன வருசம் உங்கட காப்பை ஒருத்தரும் வந்து எடுக்கேல்லை. அம்மன்ர காலடியிலை வைச்சிருந்தனான். உது, கையிலை கிடக்கிற நூல் எங்கத்தையான்?"

வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். புதுக் காப்பும் கட்டவில்லை. நேரே ஆறாம் மாடி.

கதவைத் திறந்தவள் பொட்டலத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டாள். இரண்டு வருடமாக அஜின்கோர்ட்டில் ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போகிறாளாம். கோயிலுக்குள் கால் வைக்க மனம் வரவில்லையாம், என்னிடம் சொல்லப் பயமாம். கடையில் நூல் வாங்கி, தானே இருபத்தொரு முடிச்சும் போட்டாளாம்.

"அப்ப போன வருசம் என்னோடை பட்டினி கிடந்தது?"

"உங்களுக்காண்டி அக்கா. ஒவ்வொரு முடிச்சுக்கும் உங்கட அவருக்காகச் செபிச்சனான்."

"ஆரிட்டை?"

என் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்தாள்.

"கேக்கிறனெல்லே? ஆரிட்டையடி?"

"என்ர ஆண்டவரிட்டை."

அவள் எந்தச் சபைக்கும் போகட்டும். சொல்லியிருந்தால் நாலு நாள் கத்திவிட்டு ஐந்தாம் நாள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் என் புருஷனின் உயிரை நான் நம்பிக் கட்டிய நூலில் அல்லவா கை வைத்தாள்? பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து வயிறு எரிந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

"காப்புக் கட்டியாச்சோ?" என்று கேட்டார் கணவர். குசினி மேசையில் பொட்டலத்தை வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துச் சிவப்பு நூலுக்குள் நுழைத்தேன். ஹோலில் அவர் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டபடி நின்றேன். இத்தனை வருடம் பக்தி என்று நான் நினைத்தது வெறும் பயந்தானா? அம்மனின் காப்பு அங்கே பொட்டலத்தில் கிடந்திருக்கிறது. அவர் பிழைத்தது இந்தக் கடை நூலோடு.

கத்தரிக்கோலைத் திரும்ப மேசை லாச்சிக்குள் போட்டேன். நூல் இன்னும் கையில்தான் இருக்கிறது. லிஃப்டில் அவளைக் கண்டால் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொள்கிறேன்.