முன்கூட்டிப் போன கப்பல்

போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் எங்களுக்கு எதிர்வீடு சிவஞானம் அண்ணன். பர்மாச் சண்டையில் பீரங்கிப் படையில் இருந்தவர். காது அங்கேயே போய்விட்டது. பட்டாளத்தை விட்டு வந்து, ஐம்பத்திரண்டில் போர்ட் பிளேருக்குத் தச்சு வேலைக்கு வந்தார். எங்கள் வரிசையில் எல்லா வீட்டு நிலையும் சன்னலும் அவர் கைவேலைதான். ஓய்வு பெற்ற பிறகும் அவர் வாசலில் இழைப்புளி ஓயவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சுழியில் விசாலாட்சி என்று ஒரு அக்கா, அவரை வளர்த்தவர். பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

எழுபத்தொன்றில், அக்கா படுத்த படுக்கை என்று தந்தி வந்தது. வியாழக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார். அதை விட்டால் அடுத்தது இருபது நாள் கழித்து.

புதன் காலை ரேடியோவில் சொன்னார்கள்: புயல் வருவதால் கப்பல் இன்று பகலிலேயே புறப்படும். அண்ணனுக்கு ரேடியோ கேட்காது; கப்பல் சேதி யார் காதில் விழுந்தாலும் அவரிடம் போய்ச் சொல்வது எங்கள் தெரு வழக்கம். எங்கள் தெரு ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு சம்சாத் கைக்குழந்தையோடு வேலியருகே வந்தாள்.

"ஜஹாஜ் இன்னைக்கே போகுதாம்டி. பிள்ளைக்குக் காய்ச்சல், நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுறேன். நீ அண்ணன்கிட்ட சொல்லிடு."

போனேன். வாசலில் வேலை கொடுக்க வந்த வேற்றுத் தெரு ஆண்கள் நாலைந்து பேர் மரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. இவர்களில் ஒருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தானே, ஒரு சீட்டில் எழுதி நீட்டியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

பகலில் கப்பல் ஊதியது. அவர் இழைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் போய்ச் சொன்னதும், கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

"ஒரு வார்த்தை சொன்னா உன் வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் சம்சாத். ஆனால் என்னை யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை.

அடுத்த கப்பலில் அவர் போய்ச் சேர்ந்தபோது அக்கா இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்துச்சாம். யாரைக் குத்தம் சொல்றது தம்பி, சேதி யார் காதுலயும் விழல போல. இனிமே சேதி வந்தா எனக்குச் சொல்லச் சொல்லி உங்க வீட்டம்மாகிட்ட சொல்லி வைங்க. பகல்ல இருக்கறது அதுதானே."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் வெளியே வரவில்லை.

அதன்பின் அவர் இறக்கும் வரை ஐந்து வருஷம், ஒவ்வொரு கப்பல் சேதிக்கும் தெருவைத் தாண்டிப் போனேன். யார் நின்றாலும் உரக்கச் சொன்னேன். "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு மறுபடி இழைப்பார். அவர் போய்ப் பார்க்க ஊரில் யாரும் இல்லை.