ஒரு வெள்ளைக் கட்டை

வெண்ணந்தூரில், காலியான மாட்டுக்கொட்டகையில் பியானோ பழுதுபார்த்தார் அவர். நெடிய, கறுத்த மனிதர். ஆணி இறுகிக்கொண்டால் மாட்டை ஓட்டுவதுபோல் நாக்கைச் சொடுக்குவார்.

நான் வாசிக்கும் சர்ச் பியானோவில் ஒரு கட்டையின் தந்தத் தகடு உடைந்துவிட்டது. யுத்த காலம், தந்தம் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் புதுத் தகடு ஒட்டியிருந்தார். தொட்டுப் பார்த்தேன்.

"தந்தமா?"

"இல்லீங்க, எங்க மயிலைக்காளையோட எலும்புங்க. கசாப்புக்கடையில வாங்க மனசு வரலைங்க. பொதைச்ச எடத்தைத் தோண்டி எடுத்தனுங்க."

பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

"தொடுங்க சாமி, ஒண்ணும் பண்ணாது. மெதுவாத் தட்டுங்க, போதும். நான் அவனை ஒரு நாளும் அடிச்சதில்லைங்க."

இன்றும் அந்தக் கட்டையை மெதுவாகத்தான் தொடுகிறேன்; பாட்டில் அந்தச் சுரம் மட்டும் சபைக்குக் கேட்பதில்லை.