கண்ணுக்குத் தெரிந்த 'சொற்கள்'

எனக்குச் சட்டென்று கோபம் வரும். அந்த வாரம் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குழம்பிப்போனேன்.

என் மனைவி கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். அங்கே படித்த ஒரு பிள்ளைக்கு நுவரெலியாவில் ஹோட்டல் வேலை கிடைத்திருந்தது. இங்கே படித்ததற்குச் சான்றான விடுகைப் பத்திரத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். காகிதப் பதிவேடு மழையில் நனைந்து கூழாகியிருந்தது. கணினியில் என் மனைவி பெயரை அடித்துத் தேடினால் 'இல்லை' என்றே வந்தது. அந்தப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றியவன் நான். என் வேலையில் பிழை வருமா? தேடுகிற மென்பொருள்தான் பழசு என்று சாதித்தேன்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய நல்ல தேடும் கருவி ஒன்று இணையத்தில் இருந்தது. பாடசாலைக் கணினியில் ஓடுவது யூனிக்ஸ் வகை இயங்குதளம், இணைய இணைப்பும் கிடையாது. கருவியை வீட்டிலேயே ஒரு பொதியாகக் கட்டி பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும். லேசான வேலை என்றுதான் நினைத்தேன். அந்தக் கருவிக்கு இன்னொன்று வேண்டுமாம், அதற்கு வேறு இரண்டு. ஒருத்தரை வேலைக்குக் கூப்பிட்டால் லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் கிளம்பி வந்த மாதிரி. எது எதற்கென்று புரியாமலே எல்லாவற்றையும் உள்ளே போட்டேன்.

பொதிக்குள் போகும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் பட்டியலில் எழுத வேண்டும். ஒரு கோப்பின் பெயர் 'சொற்கள்'. பொதியைக் கட்டச் சொன்னால், அப்படியொரு கோப்பே இல்லை என்றது கணினி. கண்முன்னால் இருக்கிறது. அழித்து மறுபடி அடித்தேன். அப்போதும் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு. நீங்க எப்பிடி அடிச்சீங்க?”

“ச, கொம்பு, கால். மூணு தட்டு.”

“நான் ச அடிச்சு ஒ அடிப்பேன். ரெண்டே தட்டுதாங்க.”

அவள் அடித்ததும் பொதி கட்டி முடிந்தது. கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு இரண்டு வேறு எழுத்துகளாம். ஹட்டனில் தட்டச்சு பழகிய நாளிலிருந்து எனக்கு மூன்று தட்டுதான்.

வெள்ளிக்கிழமை காலை பாடசாலையில் பொதியை நிறுவினோம். மனைவி பெயரை அடித்தாள். புதுக் கருவியும் 'இல்லை' என்றது. அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு 'கோ' இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அதை என் பழக்கப்படி மூன்று தட்டில் அடித்தேன். பெயர், வகுப்பு, சேர்ந்த திகதி எல்லாம் வந்தன. அப்படி அடித்தால் பழைய மென்பொருளிலும் வந்தது. மூன்று நாளாக நான் கட்டிய பொதியே தேவைப்பட்டிருக்கவில்லை.

பத்திரத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை என் மனைவியிடம் சொன்னாள்:

“போன வருசமும் ஒரு வேலைக்காக வந்து கேட்டேங்க டீச்சர். பேரே இல்லைன்னுட்டாங்க. இங்க படிச்சேனான்னு எனக்கே சந்தேகமாப் போச்சு.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். பெயரை அடித்தவன் நான்தான் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.